பேன் தோல் முரசு

கோலா கெலாடிக்கு ஒரு ராஜா இருக்கிறான் என்பதை அந்த ராஜாவைத் தவிர வேறு யாரும் முழுசாக நம்பவில்லை. அவன் பெண்டாட்டி கெனாங்கா மட்டும் பாதி நம்பினாள். அதுவும் அவன் தூங்கும்போதுதான். தூக்கத்தில் வங்சாவுக்கு அச்சு அசலான ராஜ முகம். விழித்து வாயைத் திறந்தால்தான் எல்லாம் கெட்டுப்போகும்.

அன்றைக்குக் காலையிலேயே அவன் ஊரில் இருந்த ஒரே மஞ்சள் துணியைக் கச்சையாக இடுப்பில் கட்டிக்கொண்டு கழிமுகத்து மேட்டில் வந்து நின்றுவிட்டான். மஞ்சள் ராஜாவுக்கு மட்டுமே உரிய நிறம். வேறு யாரும் கட்டக்கூடாது என்று வந்த புதிதில் ஆணை போட்டிருந்தான். கட்ட ஊரில் யாரிடமும் மஞ்சள் துணி இல்லாததால் அந்த ஆணையை ஜனங்கள் ஒழுங்காகக் கடைப்பிடித்து வந்தார்கள்.

தூரத்தில் பெரிய கப்பல் ஒன்று பாய் விரித்துப் போய்க்கொண்டிருந்தது.

"திரும்புது பாரு, திரும்புது!" என்றான் வங்சா.

"திரும்பல. காத்துக்குப் பாயை மாத்திக் கட்டுறான்," என்றாள் கெனாங்கா. கடலில் பிறந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா?

"அடுத்த கப்பல் கண்டிப்பா நிக்கும்."

"போன கப்பலுக்கும் இதையேதான் சொன்னீங்க."

வங்சா கப்பலைப் பார்த்துக் கையைத் தூக்கினான். கப்பல் முனையைத் தாண்டி மறைகிற வரைக்கும் கையை ஆட்டிக்கொண்டே நின்றான். கப்பலில் இருந்த யாரோ ஒருவன் பதிலுக்குக் கையாட்டினான். கிண்டலுக்குத்தான். இருந்தாலும் வங்சாவுக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம். அந்த சந்தோஷத்தைப் பார்க்கத்தான் கெனாங்காவால் முடியவில்லை.

வங்சா உண்மையிலேயே ராஜ வம்சம்தான். அதில் சந்தேகம் வேண்டாம். ஆற்றுக்கு மேலே, வெகுதூரத்தில் இருந்த பழைய அரண்மனையில் இளைய பிள்ளை. அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு, கையில் கிடைத்த அரச சின்னங்களையும் தன் பக்கம் நின்ற ஜனங்களையும் ஒரே படகில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். படகு ஓட்டை. நடுக்கடலில் தண்ணீர் ஏற ஏற, எதையாவது தூக்கிப் போட்டே ஆகவேண்டும் என்று வந்தபோது கனமாக இருந்தவை இரண்டுதான். ஒன்று அரச முரசு. இன்னொன்று சடங்குப் பெரியவர் தோக் ஜெம்பால். வங்சா முரசைத் தூக்கிப் போட்டான்.

பெரியவர் அதை இன்றுவரை மன்னிக்கவில்லை. "என்னைத் தள்ளியிருக்கணும்," என்பார் யாரைப் பார்த்தாலும். "நான் செத்தா இன்னொரு கிழவன் கிடைப்பான். முரசு போனா ராஜா எங்கேர்ந்து வருவான்?"

கரை ஏறிய இடத்தில் வங்சா சேம்பங்காட்டில் வழுக்கி விழுந்தான். எழுந்து நின்று அவன் போட்ட முதல் ராஜ கட்டளை, "முதுகைச் சொறிஞ்சு விடுங்கடா" என்பது. அவர்கள் பாஷையில் சேம்புக்குக் கெலாடி என்று பேர். அதையே ஊருக்கு வைத்தான். ஆரம்பமே அரிப்பு. மேலே என்ன ஆகும் என்று அன்றைக்கே யாராவது யோசித்திருக்கலாம்.

ஆனால் இடம் நல்ல இடம். ஆழமான கழிமுகம், கலங்காத குடிதண்ணீர், மேலே மலையில் ஈயம், காட்டில் கற்பூரம். அந்தக் கடலில் படகே வீடாக வாழ்ந்த கடல் ஜனங்களின் தலைவர் பாத்தின் செம்பாங் இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் மகளை வங்சாவுக்குக் கொடுத்தார். ராஜா இருந்தால் கப்பல் நிற்கும், கப்பல் நின்றால் அரிசி வரும், துணி வரும், இரும்பு வரும். ராஜாவுக்குக் காவல் கடல் ஜனம், கடல் ஜனத்துக்குக் கௌரவம் ராஜா. பேச்சு அப்படி.

கப்பல்தான் நிற்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. மாமனார் ஆட்கள் கப்பலை அழைக்கப் போகும் அழகைச் சொல்லவேண்டும். மூங்கில் ஈட்டியோடு, வெற்றிலை மென்று கறுத்த பல்லைக் காட்டி, "வாங்க வாங்க" என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டு படகைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவார்கள். எந்தக் கப்பல்காரனும் அதை அழைப்பு என்று எடுத்துக்கொள்ள மாட்டான். ஒரே ஒரு தைரியசாலி மட்டும் கப்பல் விளிம்பில் எட்டிப் பார்த்து, "இங்க ராஜா இருக்காரா? முரசு எங்க?" என்று கேட்டான். கெனாங்காவின் பெரிய அண்ணன், "இருந்துச்சு. கடல்ல போட்டுட்டாரு," என்று உண்மையைச் சொன்னான். கப்பலே சிரித்ததாம்.

அந்தக் கடலில் வழக்கம் அதுதான். முரசு முழங்கினால்தான் ராஜா. முழங்கவில்லை என்றால் ஆற்று வாயில் உட்கார்ந்து வழிப்பறி செய்கிறவன். ராஜ முரசு முழங்கும்போது கேட்கிறவன் எவனானாலும் இருந்த இடத்தில் அசையாமல் தலை குனிந்து இருக்கவேண்டும். முழங்கி முடிகிற வரைக்கும் துடுப்புப் போடக்கூடாது, பாய் விரிக்கக்கூடாது. கப்பல்காரர்களும் அதை மதித்தார்கள். மதிக்காதவனோடு எந்தத் துறைமுகமும் வியாபாரம் வைத்துக்கொள்ளாது.

கப்பல் போன அன்றைக்கே மாமனார் வந்தார். வீட்டு ஏணியில் ஏறாமல் கீழேயே நின்றார். அதுவே நல்ல சகுனம் இல்லை.

"மாப்ள, பருவக் காத்து திரும்பப் போகுது. அதுக்குள்ள ஒரு கப்பலாவது இங்க நங்கூரம் போடணும். இல்லேன்னா என் படகையெல்லாம் முவாரா ஊலாருக்கு ஓட்டிக்கிட்டுப் போயிடுவேன். அங்க இருக்கிறவன் ராஜாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆனா சோறு போடுறான்."

"மாமா, கொஞ்சம் பொறுங்க..."

"நான் பொறுத்துக்குவேன். என் ஜனத்து வயிறு பொறுக்காது. ஏ புள்ள," என்று மேலே பார்த்தார், "நான் போனா நீயும் வரணும்."

கெனாங்கா மேலிருந்தே தலையசைத்தாள். வரமாட்டேன் என்று சொல்ல எவ்வளவு நேரம்? ஆனால் அவள் வராவிட்டால் அண்ணன்மார் ஈட்டியோடு வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். வங்சா குறுக்கே நிற்பான். அவனுக்கு வீரம் உண்டு, வாள் வீசத்தான் வராது. அவனை உயிரோடு விட்டுவைக்க வேண்டுமானால் அவள் போயே ஆகவேண்டும். அப்பன் போன பிறகு ஏணிப்படியில் உட்கார்ந்து அவள் அழுதாள். வங்சா பக்கத்தில் உட்கார்ந்து, "முரசு செஞ்சிடலாம். ஒரு முரசு, அவ்வளவுதானே!" என்றான்.

அவ்வளவுதான் இல்லை என்பது தோக் ஜெம்பாலைக் கேட்ட பிறகு தெரிந்தது.

பெரியவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டு, சபையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். சபை என்றால் பெரிசாக நினைக்க வேண்டாம். ஓலைக் கூரை, நாலு பாய்.

"ராஜ முரசுக்கு உடம்பு காஞ்சொறி மரத்துல செய்யணும். ஆளைத் தொட்டா தடிக்குமே, அந்த மரம். பட்டையை உரிக்கக் கூடாது. உரிச்சா ராஜ களை போயிடும்."

"சரி, செய்யலாம். தோல்?"

"பேன் தோல்."

சபையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாட்டுத் தோலா?" என்றான் வங்சா, நல்ல பதில் வரும் என்ற நம்பிக்கையில்.

"என் பல்லு போயிடுச்சு, பேச்சு போகல. பேன். தலையில இருக்குமே, அது. அதோட தோல். எங்க தாத்தா சொன்னது, அவங்க தாத்தா சொன்னது."

"பேன் இத்தனூண்டு இருக்கு தோக். அதை எப்படி உரிச்சு..."

"அந்தக் காலத்துல பேனெல்லாம் பெருசா இருந்துச்சு," என்றார் பெரியவர். அதற்குமேல் அவரிடம் யார் என்ன கேட்பது?

மறுநாளே ஊரில் ஆணை சொன்னார்கள். இன்றுமுதல் கோலா கெலாடியின் தலைகளில் உள்ள பேன் அத்தனையும் ராஜாவுக்குச் சொந்தம். யாரும் நசுக்கக்கூடாது. உயிரோடு பிடித்து மூங்கில் குழாயில் போட்டு அரண்மனையில் ஒப்படைக்க வேண்டும். பிற்காலத்தில் உலகத்துச் சரக்கெல்லாம் வந்து வரி கட்டிய அந்தத் துறைமுகத்தில் முதன்முதலாக வசூலான வரி இதுதான். இதை அவர்கள் ராஜ வம்சாவளியில் எழுதிவைக்காதது எனக்குப் புரிகிறது.

பெண்கள் கொதித்துப்போனார்கள். சாயங்காலமானால் ஒவ்வொரு வீட்டு ஏணியிலும் படிக்கு ஒருத்தியாக உட்கார்ந்து, மேல்படிக்காரி கீழ்ப்படிக்காரிக்குப் பேன் பார்த்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவார்கள். அந்த ஊரில் நியாயம், கல்யாணம், சண்டை எல்லாமே முடிவாவது அந்த ஏணியில்தான். இப்போது ஏணிக்கு ஏணி ஒரு காவலாள் வந்து நின்றுகொண்டான், யாராவது நகத்தில் வைத்து நசுக்குகிறார்களா என்று பார்க்க.

"ஏம்பா, என் தலை என்ன அரண்மனைத் தோப்பா? காவல் காக்க வந்துட்டே?"

"கட்டளைக்கா."

"கட்டளையா! உன் தலையில எவ்வளவு இருக்கு? முதல்ல அதைக் கட்டிட்டு வா. வந்து குனி இங்க."

காவலாள் குனிந்தான். அவன் தலையில் இருந்ததுதான் அந்த ஏணியிலேயே பெரிய வசூல்.

மீன் உலர்த்துகிற கிழவி ஒருத்தி, எரிச்சலில் தன் தலையை மழுங்கச் சிரைத்துக்கொண்டு வந்து சபை வாசலில் நின்றாள். "இந்தா, நிலத்தையே அழிச்சுட்டேன். இனிமே வரி கேளு பாப்போம்," என்றாள். வங்சாவுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. ராஜா மாதிரி தலையை மட்டும் ஆட்டினான். ஆட்டும்போதே கையும் தானாகத் தலைக்குப் போய்ச் சொறிந்தது. ஏனென்றால் அதற்கு முந்தின தினம்தான் நிரம்பிவழிந்த மூங்கில் குழாய் ஒன்று படுக்கை அறையில் உருண்டு உடைந்திருந்தது.

கெனாங்காதான் அவனைக் கீழ்ப்படியில் உட்காரவைத்துப் பேன் பார்த்தாள். ராஜாவின் தலையில் இருந்த தலைப்பாகையைப் பிறர் எடுத்தால் குற்றம். பெண்டாட்டி எடுத்தால் குற்றமில்லை. சாயங்கால வெயில் முதுகில் அடித்தது. வங்சா விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தான். அவன் பேசாமல் இருந்தால் அவளுக்குப் பயம்.

"என்ன யோசனை?"

"பிடிச்ச பேனையெல்லாம் கூட்டிப் பார்த்தாலும் ஒரு கொட்டாங்குச்சி மூட முடியல கெனாங்கா. ஒண்ணோட ஒண்ணை ஒட்டிப் பார்த்தோம். தைச்சுப் பார்த்தோம். தைக்கிறவனுக்குக் கண்ணு போனதுதான் மிச்சம்."

"உங்க பழைய முரசை நீங்க பார்த்திருக்கீங்களா?"

"எங்கேர்ந்து? முழங்கும்போது தலையைக் குனிஞ்சிருக்கணும். முழங்காதப்ப மஞ்சத் துணி போட்டு மூடியிருக்கும். படகுலேர்ந்து தள்ளும்போதும் துணியோடதான் தள்ளினேன்."

அவள் கை நின்றது. "அப்போ தோக்கும் பார்த்ததில்ல."

"யாருமே பார்த்ததில்ல."

அவள் சிரித்த சிரிப்பில் அடுத்த ஏணிக்காரிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

கடல் ஜனங்கள் தங்கள் மேளத்துக்குத் திருக்கை மீனின் தோலைத்தான் கட்டுவார்கள். அடித்தால் நெஞ்சுக்குள் கேட்கும். மறுநாள் கெனாங்கா தானே படகில் போய் ஒரு பெரிய திருக்கையைக் குத்திக் கொண்டுவந்தாள். தோலைப் பதப்படுத்தி, காஞ்சொறி மரத்தைக் குடைந்து, பிரம்பால் இறுக்கிக் கட்டியாயிற்று. மரம் குடைந்த தச்சன் கை இரண்டும் சுரைக்காயாக வீங்கி, சாம்பலும் எண்ணெயும் பூசிக்கொண்டு படுத்துவிட்டான். அது தனிக் கதை.

தோக் ஜெம்பால் வந்து தோலைத் தடவிப் பார்த்தார். மோந்து பார்த்தார்.

"மீன் வாடை அடிக்குது."

"மேல பாருங்க தோக்," என்றாள் கெனாங்கா. ஊரில் வசூலான பேன் அத்தனையையும் அரைத்து, மரப்பிசினில் குழைத்துத் தோலின்மேல் மெல்லிசாகப் பூசியிருந்தாள். காய்ந்து பளபளவென்று இருந்தது. "பேன் தோல் போர்த்தணும்னுதானே உங்க தாத்தா சொன்னாரு? அதுக்கு அடியில எதுவும் இருக்கக் கூடாதுன்னு சொன்னாரா?"

பெரியவர் வெகுநேரம் மென்றார். வாயில் வெற்றிலை இல்லை, சும்மா மென்றார்.

"சொல்லல," என்றார் கடைசியில். "அப்படி ஒண்ணும் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல."

முரசு தயார். அடிக்கத்தான் ஆள் இல்லை. முரசை மடியில் அணைத்து வைத்துக்கொண்டு அடிக்கவேண்டும், அதுதான் முறை. முறைப்படி அதற்கு உரியவன் தோக் ஜெம்பாலின் மருமகன். அவன் குளித்து, புதுத் துணி கட்டி, பயபக்தியோடு முரசை மடியில் வைத்தான். ஒரு அடி அடித்தான். பிறகு "அம்மா!" என்று கத்திக்கொண்டு ஆற்றில் குதித்தவன் கழுத்தளவு தண்ணீரிலேயே நின்றுவிட்டான். எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை.

"பட்டையை உரிச்சிடலாமே தோக்," என்று வங்சா கெஞ்சினான்.

"உரிக்கலாம். அப்புறம் அது முரசு இல்ல, உரல்."

"என்னை அடிக்க விடுங்க."

"ராஜாவுக்காக முரசு முழங்கணும். தானே தனக்கு அடிச்சுக்கிறவன் ராஜா இல்ல, கூத்தாடி. அடிச்சா அது செல்லாது."

வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே காற்று திரும்பிவிட்டது.

பாத்தின் செம்பாங் சொன்ன சொல் மாறாதவர். அந்தக் குணம் மற்ற நாளில் நல்லதுதான். படகுகளில் பாயும் சட்டியும் கோழியும் ஏறின. அண்ணன்மார் ஈட்டியோடு வந்து அரண்மனை ஏணியருகே நின்றார்கள். வங்சா குறுக்கே நிற்பான் என்று கெனாங்கா நினைத்தது சரியாகத்தான் இருந்தது. வாளை உருவப் போனான். அது உறையில் துருப்பிடித்து வரவில்லை. இழுத்துக்கொண்டே நின்றான்.

"விடுங்க," என்றாள் அவள். அவன் கையைப் பிடித்து வாளிலிருந்து எடுத்தாள். "நான் போறேன். நீங்க வேளைக்குச் சாப்பிடுங்க."

"கெனாங்கா, கப்பல் வரும்."

"வரும்," என்றாள். வேறு என்ன சொல்வது? திரும்பிப் பார்க்காமல் போய் அப்பன் படகின் பின்பக்கம் உட்கார்ந்துகொண்டாள். கண்ணீர் மூக்கு வழியாக வந்தது. துடைக்கவில்லை.

படகுகள் கழிமுகத்தைத் தாண்டின. அப்போதுதான் முனைக்கு அந்தப் பக்கம் பாய் தெரிந்தது. பெரிய பாய். குஜராத்தின் கம்பாயத்திலிருந்து வந்த கப்பல். கனத்த கப்பல், நிறைய சரக்கு. புதுக் காற்றை வாங்கிக்கொண்டு நேராக, நிற்கிற எண்ணமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"பாத்தியா? இதுவும் போகுது," என்றார் அப்பன். துடுப்பை ஓங்கித் தண்ணீரில் போட்டார். அவருக்கு மட்டும் ஊரை விட்டுப் போக ஆசையா என்ன?

அந்த நேரம் பார்த்து முரசு கேட்டது.

முதலில் ஒரு அடி. பிறகு இரண்டு சேர்ந்தாற்போல். பிறகு அடைமழை கூரையில் விழுகிற மாதிரி விடாமல். திருக்கைத் தோலின் முழக்கம் தண்ணீரின்மேல் தவழ்ந்து வந்து ஒவ்வொருவர் நெஞ்சிலும் இடித்தது. பாத்தின் செம்பாங்கின் கை துடுப்போடு அப்படியே நின்றது. அவர் தலை குனிந்தது. அவர் ஜனம் அத்தனையும் துடுப்பை நிறுத்தித் தலை குனிந்தது. கோழிகள் மட்டும் வழக்கத்தை மதிக்கவில்லை.

கெனாங்காவும் குனிந்தாள். குனிந்தபடியே கேட்டாள். அந்த அடியில் தாளம் என்பது மருந்துக்கும் இல்லை. ஒரு இடத்தில் ஓடியது, ஒரு இடத்தில் தடுக்கியது, மறுபடி ஓடியது. இந்தப் பூமியில் இவ்வளவு மோசமாகத் தாளம் போடக்கூடிய மனிதன் ஒருவன்தான். கல்யாணத்தன்று கைதட்டும்போதே அவள் அதைக் கண்டுபிடித்திருந்தாள்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, எது எது என்று தெரியாமல் போயிற்று.

கப்பல் தலைவரான நகுதா யாக்கூப் இந்தக் கடலில் முடி நரைத்தவர். முரசு கேட்டதும் பாயை இறக்கச் சொன்னார். வழக்கம் வழக்கம்தான். கொஞ்ச நேரம் முழங்கும், முடியும், பாயை ஏற்றிக்கொண்டு போகலாம் என்று அவர் நினைத்திருப்பார்.

முரசு நிற்கவில்லை. எப்படி நிற்கும்? மடியில் இருப்பது காஞ்சொறி மரம். தொடை எரிகிறது, வயிறு எரிகிறது, கை எரிகிறது. அடிக்கும்போது மட்டும்தான் அந்தக் கையின் அரிப்புக்கு ஒரு ஆறுதல். நிறுத்தினால் உயிர் போகிறது. வங்சா அடித்துக்கொண்டே இருந்தான். அரிப்பு ஒரு பக்கம், கெனாங்கா ஒரு பக்கம். எதற்காக அதிகமாக அடித்தான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

அந்த வேளையில் கடல் ஏறிக்கொண்டிருந்தது. கழிமுகத்துக்குள் ஏற்றம் பாய்ந்தது. பாய் இறக்கிய கப்பலும் துடுப்பு நிறுத்திய படகுகளும் என்ன செய்யும்? எல்லாமே மெல்ல மெல்ல, தலை குனிந்த ஜனங்களோடு, கோலா கெலாடிக்குள் மிதந்து வந்தன. அண்ணன் ஒருவன் ஓரக்கண்ணால் கரையைப் பார்த்து, "அப்பா, நாம திரும்பிப் போறோம்," என்று முணுமுணுத்தான்.

"வாயை மூடு. முரசு முழங்குது," என்றார் அப்பன்.

"முவாரா ஊலாருக்குப் போகலையா?"

"மூடுடான்னா."

கப்பலின் அடிப்பக்கம் ஊரின் வாசலில் மெத்தென்று சேற்றில் உட்கார்ந்த பிறகுதான் முரசு நின்றது. வங்சா மயங்கி விழுந்ததால் நின்றது என்பது வெளியே யாருக்கும் தெரியாது. சபைக்குள் இருந்தவர் தோக் ஜெம்பால் ஒருவர்தான். முறை தவறிப் போனதைப் பார்க்க மனமில்லாமல் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். யார் அடித்தது என்று கேட்டவர்களிடமெல்லாம், "நான் என்னத்தைக் கண்டேன்?" என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

நகுதா யாக்கூப் பட்டும் பன்னீரும் எடுத்துக்கொண்டு சபைக்கு வந்தார். அதற்குள் தோக் ஜெம்பால் வங்சாவின் முகத்தில் தண்ணீர் தெளித்து, இருத்தி வைத்திருந்தார். கை இரண்டும் வீங்கிப் பலாச்சுளையாக இருந்தன. வெளியே காட்டினால் மானம் போய்விடும். கெனாங்கா ஓடிவந்து அந்த ஒரே மஞ்சள் துணியை உருவி அவன் கைகளின்மேல் போர்த்தினாள். கையைத் துணிக்குள்ளேயே வைத்து, தலையை மட்டும் அசைத்து அவன் காணிக்கையை வாங்கினான். இங்கே மரியாதை இப்படித்தான்போல என்று எண்ணிய நகுதா தன் கைகளையும் அங்கிக்குள் மறைத்துக்கொண்டார். அந்த வம்சத்தில் பிறகு வந்தவர்கள் எல்லோரும் மஞ்சள் துணிக்குள் கையை வைத்துக்கொண்டே காணிக்கை வாங்கினார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

"இப்படி நீளமா முழங்குற முரசை நான் எந்த ராஜ்யத்துலயும் கேட்டதில்ல," என்றார் நகுதா. "என்ன தோலு அது?"

"பேன் தோல்," என்றார் தோக் ஜெம்பால், கொஞ்சமும் அசராமல்.

நகுதா முரசைப் பார்த்தார். அதன் அகலத்தைப் பார்த்தார். பெரியவர் முகத்தைப் பார்த்தார். தாடியைத் தடவிக்கொண்டார்.

"உங்க நாட்டுல பேனே இந்த அளவுன்னா," என்றார் மெதுவாக, "யானையை நான் பாக்க ஆசைப்படல. சுல்தான் அவர்களே, சரக்கை எங்க இறக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

சுல்தான் என்று அவனை யாரும் அதற்குமுன் கூப்பிட்டதில்லை. வாசலில் நின்ற மாமனார் மார்பை நிமிர்த்தி, பக்கத்தில் இருந்த மாலுமியைப் பிடித்து, "என் மருமகன்," என்றார். பிறகு ஆட்களைப் பார்த்து, "என்னடா வேடிக்கை? கோழியை இறக்குங்க," என்று அதட்டினார்.

சாயங்காலம் ஏணிகளில் படிக்கொருத்தியாகப் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். காவலாளைக் காணோம். பேன் வரி அன்றோடு போயிற்று. அரண்மனை ஏணியில் கெனாங்கா மேல்படியிலும் வங்சா கீழ்ப்படியிலும் இருந்தார்கள். சாம்பலும் தேங்காயெண்ணெயும் குழைத்து அவன் கைகளில் பூசினாள்.

"தோக் சொன்னாரு," என்றான் வங்சா, சத்தமில்லாமல். "தனக்குத் தானே அடிச்சா செல்லாதாம். நான் ராஜாவே இல்லாம போயிட்டேனோ என்னவோ."

"யாரும் பாக்கலயே."

"நீ கேட்டுட்டே. நான்தான்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

"முதல் அடியிலேயே தெரிஞ்சுது. அப்படியும் ஒரு தாளமா!"

அவன் அடுத்த கையை நீட்டினான். "தெரிஞ்சும் ஏன் படகுலயே உக்காந்திருந்தே? உனக்குத்தான் நீச்சல் தெரியுமே. குதிச்சு வந்திருக்கலாம்."

"எப்படி வர்றது? முரசு முழங்கினா யாரும் அசையக் கூடாது," என்றாள் கெனாங்கா. "ராஜா முரசு. நானும் அசையல."

வங்சா திரும்பி அவளைப் பார்க்கப் போனான். அவள் அவன் தலையைப் பிடித்து முன்னால் அழுத்தினாள். 

"குனிங்க மகராசா. இன்னும் ரெண்டு மூணு மிச்சம் இருக்கு."

தனியாக இருக்கையில் அவள் அவனை மகராசா என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. அவன் குனிந்துகொண்டான்.